எட்டாத தொலைவும் எட்டும் செலவும்



திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் இன்று நம் குடும்பங்களில் பலர் உள்ளனர். அவர்களுள் பலர் 70–200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பர். ஓய்வு நாட்களில் வேடந்தாங்கல் போன்ற இடங்களுக்குச் சென்று பறவைகளைப் படமெடுக்கும் ஆசை அவர்களுக்கு எழுவதுண்டு. அங்கே பறவைகள் ஏரிநீரில் நிற்கும் மரங்களில் இருக்கின்றன. நாமோ கரையில் நிற்கின்றோம். 200 மி.மீ. போதுவதில்லை.

இப்போது இரு வழிகள் உள்ளன. ஒன்று, இருக்கும் லென்ஸுடன் இரு மடங்கு டெலிகன்வர்ட்டரை இணைப்பது. மற்றொன்று, 100–400 மி.மீ. டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் வாங்குவது. முன்னதைச் சேமிப்பிலிருந்தே வாங்கிவிடலாம். பின்னதற்குப் பலர் கடன்பட நேரும். எனவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

டெலிகன்வர்ட்டர் என்பது காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தப்படும் சிறு கண்ணாடித் தொகுதி. லென்ஸ் தரும் பிம்பத்தை அது பெரிதாக்குகிறது. இரு மடங்குக் கன்வர்ட்டரால் 200 மி.மீ. 400 ஆகும், ஆனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, எஃப் 2.8 என்பது எஃப் 5.6 ஆகிவிடும். 1.4 மடங்குக் கன்வர்ட்டரில் 280 மி.மீ. கிடைக்கும், வெளிச்சம் பாதியாகும்.

வெளிச்சம் குறைகிறதே என்று அஞ்சி ஜூம் லென்ஸை நாடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. கேனான் நிறுவனம் 1998ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் வெளியிட்ட 100–400 லென்ஸ்களும் 400 மி.மீ.யில் எஃப் 5.6 அளவையே தருகின்றன. ஆகவே வெளிச்சத்தில் இரண்டும் சமமே!

வேறுபாடு பிறவற்றில் உள்ளது. கன்வர்ட்டர் பிம்பத்தோடு லென்ஸின் குறைகளையும் பெரிதாக்கும். கூர்மை சற்று மங்கும். தானியங்கிக் குவியமும் வேகம் குறையும். கூட்டில் அமர்ந்திருக்கும் நாரைக்கு இதனால் பெரிய இடையூறில்லை. எஃப் 8 வைத்தால் கூர்மையும் ஓரளவு மீளும். பறக்கும் பறவையைத் தொடர்வதற்கோ ஜூம் லென்ஸே ஏற்றது.

மற்றோர் எச்சரிக்கை! எஃப் 4–5.6 அளவுள்ள 70–300 லென்ஸ் வைத்திருப்போர் இரு மடங்குக் கன்வர்ட்டரை நாட வேண்டாம். நீண்ட முனையில் அது எஃப் 11 ஆகிவிடும். பெரும்பாலான எஸ்.எல்.ஆர். காமிராக்களில் தானியங்கிக் குவியம் அந்த அளவில் இயங்காது. பல லென்ஸ்களில் கன்வர்ட்டர் பொருந்துவதே இல்லை. நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

முடிவு செய்யுமுன், கடந்த ஓராண்டில் 400 மி.மீ. உங்களுக்கு எத்தனை நாள் தேவைப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்து நாட்களே என்றால் கன்வர்ட்டர் போதும். வாரந்தோறும் பறவைகளைத் தேடிச் செல்பவராயின் ஜூம் லென்ஸுக்காகச் சேமியுங்கள். ஐயம் இருப்பின் இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரே பறவையைப் படமெடுத்து ஒப்பிடுங்கள். வீட்டாரைக் கடனில் ஆழ்த்தும் முடிவை, கடைக்காரரின் சொல்லைக் கேட்டு எடுக்காதீர்கள்.