ஊர் கூடிச் செய்யும் கொலை

கிராமம், சாமியாட்டம், இருட்டு மூன்றும் இருந்துவிட்டால் 'நாட்டார் திகில்' என்ற பெயரை ஒட்டிவிடுகிறார்கள். நாம் இதை ஏற்பதற்கில்லை.

ராபின் ஹார்டி இயக்கிய 'தி விக்கர் மேன்' (1973) படத்தில் பேயே இல்லை, இருட்டும் குறைவு. காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவொன்றுக்கு வரும் காவலரை, பொய்த்த விளைச்சல் மீள்வதற்காக, பிரம்பில் பின்னிய பேருருவத்துள் அடைத்து எரிக்கிறார்கள் ஊரார், பகலில், பாடிக்கொண்டே. ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' (1948) சிறுகதையில் சீட்டு விழுந்த பெண்மீது அண்டை வீட்டாரே கல்லெறிகிறார்கள். அவளுடைய சின்னஞ்சிறு மகன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைத் தருகிறார்கள். அந்தக் கூழாங்கற்களைவிட அச்சமூட்டும் பேய் எதையும் நாம் வாசித்ததில்லை. அச்சம் ஊராரின் ஒப்புதலில் இருக்கிறது.

நம் கதைப்பாடல்கள் விலகுவதும் இவ்விடத்தில்தான். கழுவேறிய காத்தவராயனும், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும் தெய்வமானார்கள். கொலையுண்டவனுக்கு அஞ்சிப் படையலிடும் மரபு இது. தீவில் எரிந்த காவலருக்கோ நடுகல் நடுவார் எவருமில்லை. அடுத்த அறுவடைதான் அங்கே பேச்சு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டுமுன் நம் திறனாய்வாளர்கள் சற்றுத் தயங்கலாம்.