பருத்திக் காட்டுப் பாட்டும் பண்ணைப்புரத்துக் கிடாரும்



பணி நிமித்தம் சமவெளியில் வாழும் நான், சென்ற திங்கள் விடுமுறையில் சூரியநெல்லிக்கு வந்திருந்தேன். சங்கத்தின் ஆண்டு விழாவைப் பற்றிய பேச்சில் ஒரு பிணக்கு எழுந்தது. கிடாரும் டிரம்ஸும் வைத்துப் பாட இளைஞர் நால்வர் இடம் கேட்டனர். "தெம்மாங்கும் கும்மியும் இருக்க, வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு எதற்கப்பா?" என்றார் பெரியவர் ஒருவர். தெம்மாங்கு கிழவர்களுக்கானது என்று இளைஞர்கள் விடை பகர்ந்தனர். டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிடுவார்களோ என அஞ்சி, அன்று வாளாவிருந்தேன். எழுத்தில் அவ்வச்சம் இல்லை.

ராக் என்னும் இசை வெள்ளையர் மாளிகையில் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டு மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தித் தோட்டங்களில் கறுப்பினத் தொழிலாளர் பாடிய ப்ளூஸ் பாடல்களே அதன் ஆணிவேர். 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்பார் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்ய அங்குச் சென்றார். ஸ்டோவல் தோட்டத்தில், மடி வாட்டர்ஸ் என்னும் தொழிலாளியின் பாட்டை அவருடைய வீட்டிலேயே பதிவு செய்தார். தம் குரலை இசைத்தட்டில் கேட்ட அம்மனிதருக்கு, தாமும் ஒரு பாடகரே என்னும் துணிவு பிறந்தது. 1943இல் தோட்டத்தை விட்டு இரயிலேறிச் சிகாகோ நகர் சென்றார். (இரயில் இல்லையேல் ராக் இசையே இல்லை என்று எழுத ஆசைதான், அது உத்தியோகப் பற்று.) அந்நகரத்து மதுக்கடைகளின் இரைச்சலில் சாதாரணக் கிடாரின் ஒலி எடுபடவில்லை; ஆகவே மின்சாரக் கிடாரைக் கையில் எடுத்தார். 1950இல் வெளிவந்த அவருடைய 'ரோலின் ஸ்டோன்' என்னும் பாட்டிலிருந்தே ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் இங்கிலாந்துக் குழுவினர் பின்னாளில் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர்.

1954இல் எல்விஸ் பிரெஸ்லி வெளியிட்ட முதல் இசைத்தட்டும் ஆர்தர் கிரடப் என்னும் மிசிசிப்பிக் கறுப்பினப் பாடகரின் பாட்டே. எல்விஸின் புகழ் உலகெங்கும் பரவியது. கிரடப்புக்கு உரிய பணம் வந்து சேரவில்லை. லயத்தில் வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

இனி நம் மலைக்கு வருவோம். 1958இல் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் ரோசம்மா புன்னூஸ் நின்று வென்றார். அத்தேர்தலில் அக்கட்சிக்காகத் தோட்டத் தமிழரிடையே பாடியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். மக்கள் அறிந்த மெட்டுக்களில் புதிய சொற்களை வைத்துக் கட்டுவது அவருடைய வழக்கம். என் தாத்தா அக்கூட்டங்களுள் ஒன்றுக்குப் போனவர். யார் என்ன பேசினார் என்பதை அவர் அடியோடு மறந்துவிட்டார். மெட்டை மட்டும் கடைசிவரை முணுமுணுத்தார்.

அப்பாவலரின் தம்பியே இளையராஜா. பதினான்காம் வயதளவில் அண்ணனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். சலில் சௌதுரியின் இசைக்குழுவில் கிடார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நாட்டுப்புற மெட்டும் மேனாட்டு வாத்தியமும் ஒரே பாயில் அமர்ந்தன. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டில் வரும் கிடாரைக் கேளாத தமிழர் அரியர். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிற்று.

கிடார் நமக்கு அந்நியம் என்ற பெரியவரும், தெம்மாங்கு பழசு என்ற பிள்ளைகளும் இதை அறிந்தால், பிணக்கிற்கு இடமேது? கொழுந்தெடுக்கும் அம்மையார் பாடும் தெம்மாங்குக்கு அந்நால்வரும் கிடாரும் டிரம்ஸும் வாசிக்கட்டும் என்று செயலாளருக்கு எழுதியுள்ளேன். பாடுவோர் பட்டியலில் அப்பெரியவரின் பெயரையும் சேர்த்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.