மீனினம் பகுத்தலும் தாய்வழிச் சான்றும்

மீன்களுள் இனம் பகுத்தல் எளிதன்று. உடன்பிறந்தார் போல ஒத்த இரு மீன்கள் ஓரினமோ ஈரினமோ என்று துணிதற்கு முன்னையோர் செதிள்களை எண்ணினர். துடுப்புக் கதிர்களைக் கணக்கிட்டனர். பற்களின் அமைதியை நோக்கினர். சென்னைப் படையில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே என்பார் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாய் வெளியிட்ட இந்திய மீன்களைப் பற்றிய பெருநூல் இம்முறையில் எழுந்ததே.

இக்காலத்தே அதனினும் நுண்ணிய சான்றொன்று கிடைத்துளது. உயிரணுக்களுள் ஆற்றல் விளைக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்கள் தமக்கெனத் தனி டி.என்.ஏ. உடையன. அது மீன்களில் ஏறக்குறைய 16,500 எழுத்துக்களாலாகிய சிறு வளையம். பொதுவாகத் தாயிடமிருந்தே குஞ்சுகளுக்கு இறங்குவது. விரைந்து மாறுவதாகலின் நெருங்கிய இனங்களிடத்தும் வேற்றுமை காட்டவல்லது. 2003-இல் கனடா நாட்டுப் பால் ஹெபர்ட் என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும் அவ்வளையத்தில் 650 எழுத்தளவினதாகிய ஒரு பகுதியே விலங்கினங்களை அறியப் போதும் என்றனர். 2005-இல் ஆஸ்திரேலிய மீன்கள் 207 இனங்களை இம்முறையில் ஆராய்ந்தபோது அவை பெரும்பாலும் தெளிவாகப் பிரிந்தன.

இச்சான்றின் பெருமைக்குச் சீலகாந்த் என்னும் மீன் தக்க எடுத்துக்காட்டாம். பன்னெடுங்காலத்துக்கு முன்னரே அற்றொழிந்ததெனக் கருதப்பெற்ற இவ்வகை மீன் 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் அகப்பட்டது. பின்னர், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்தோனேசியாவின் மனாடோ நகரச் சந்தையில் 1997-இல் ஒன்று காணப்பட்டது. மறு ஆண்டு மற்றொன்று பிடிபட்டது. ஆப்பிரிக்க மீன் நீலநிறத்தது, இதுவோ கபிலநிறத்தது. உடலமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மைட்டோகாண்ட்ரியா எழுத்துக்களை ஒப்பிட்டபோது நூற்றுக்கு நான்கு அளவில் வேறுபட்டன. 1999-இல் அது தனியினமாகப் பெயர் பெற்றது.

நிற்க. இனிச் செதிளெண்ணும் பழங்கல்வி எற்றுக்கு, கருவியொன்றே அமையும் என்பாரும் உளர். அக்கொள்கைக்கு நாம் உடன்படோம். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலுள்ள சிக்லிட் மீன்களைக் காண்க. ஆங்கு நூற்றுக்கணக்கான இனங்கள் மிகக் குறுகிய காலத்திற் கிளைத்தன. அவற்றுட் பல, ஒரே மைட்டோகாண்ட்ரியா வரிசையைத் தமக்குட் பகிர்ந்துகொண்டுள்ளன. எழுத்துப் பிரிக்காத அவற்றை ஆணின் நிறமும் பல்லும் பிரிக்கின்றன. பெண்மீன் தன் துணையை அந்நிறங்கொண்டே தெரிகின்றது. நீர் கலங்கி நிறம் புலப்படாதவிடத்து இனங்கள் கலக்கின்றன என்பதை 1997-இல் அறிஞர் வெளியிட்டனர். மீனுக்கே கண் வேண்டியிருக்க, மீன் நூலார்க்குக் கண் வேண்டாவோ?

மேலும், இது தாய்வழிச் சான்று. ஈரினங் கலந்து பிறந்த மீனிடத்துத் தாயின் குலத்தை மட்டுமே கூறும். தந்தையைப் பற்றி வாய் திறவாது. அன்றியும், எழுத்து வரிசைக்குத் தானாகப் பெயரில்லை. பெயரறிந்த மீனொன்றிலிருந்து முன்னர் எடுத்த வரிசையோடு ஒப்பிட்டே பெயர் கூறுகின்றோம். அம்முதல் மீனுக்கு ஒருவர் பிழைபடப் பெயரிட்டிருப்பின், அப்பிழை பின்வரும் ஒப்பீடுகளிலெல்லாம் தொடரும்.

ஆதலின் மாணவர்கட்கு நாம் கூறுவது இதுவே. மீன் கிடைத்தவுடன் அதன் நிறத்தைக் குறித்துக்கொள்க. துடுப்பின் சிறு துண்டினை ஆல்கஹாலில் இடுக. அதன் பின்னரே உடலைப் பார்மலினில் வைக்க, பார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். பெயர்ச்சீட்டுடன் முழு உடலையும் காட்சிச்சாலையிற் காக்க. ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைக்கும் நீதிபதியை யாரும் மெச்சுவதில்லை. எழுத்தையும் உருவையும் ஒருங்குவைத்து ஆராய்ந்து இனம் துணிதலே அறிவுடையார்க்கு அழகாம்.