ஃபிலிமை ஃப்ரிட்ஜ்ல வெச்சா போதுமா?

ஃபிலிம்னதும் சினிமாப் பதிவுன்னு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது எக்ஸ்ரே ஷீட் ஃபிலிம் பத்தி. ஆஸ்பத்திரி சமாச்சாரம்கூட இல்லை. வெல்டிங்லயும் வார்ப்புலயும் உள்ளுக்குள்ள விரிசல், காத்துக்குமிழி இருக்கான்னு பார்க்கற ரேடியோகிராஃபி ஃபிலிம். டிஜிட்டல் வந்த பிறகும் இது ஒழிஞ்சு போயிடலை.

சுங்குவார்சத்திரம் பக்கம் பேசிப் பார்த்தா, "ஃப்ரிட்ஜ்ல பத்திரமா இருக்கு சார்"ம்பாங்க. (தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்துலதான்!) வைக்கிறதுல கோளாறு இல்லீங்க. பிரிக்கிறதுலதான் இருக்கு.

ஐப்பசி, கார்த்திகை மழையில 30 டிகிரி வெயிலும் 80 சதவீத ஈரப்பதமும் நமக்கு சர்வசாதாரணம். அந்தக் காத்துல 26 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்தப் பொருள் மேலயும் நீர் பூக்கும். ஃப்ரிட்ஜை விடுங்க, 24-ல ஏ.சி. ஓடுற ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்து ஷெட்ல பிரிச்சாலே கதை முடிஞ்சது. ஃபிலிம் மேல இருக்கறது ஜெலட்டின். தண்ணியைக் கண்டா குடிச்சு ஊதிக்கும், ஈயத்தகட்டுல ஒட்டிக்கும். நாளாச்சுன்னா பூஞ்சையும் பிடிக்கும்.

ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து'ங்கற பேர்ல எக்ஸ்ரே ஃபிலிம் செஞ்ச காலம் ஒண்ணு இருந்தது. அந்தக் குளிருக்குப் பொருந்தற வழக்கம் சமவெளிக்குப் பொருந்தாது. ஆலையும் இப்போ ஓடலை.

என் கட்சி இதுதான். இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கறதுக்கு முன்னாடி சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி ஒண்ணு வாங்குங்க. நாளைக்கு வேணுங்கற பெட்டியை ராத்திரியே வெளியே எடுத்து, ஃபாயில் சீலை உடைக்காம வெச்சிடுங்க. பெட்டியை நிமிர்த்தி வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அழுத்தத் தழும்பு விழும். சீல் உடைச்ச பெட்டியை மாசக்கணக்குல வெச்சுக்காம, சின்னப் பெட்டியா வாங்கறது உத்தமம். அதுக்காக சிலிகா ஜெல்லைக் கொட்டி எலும்பாக் காய வைக்காதீங்க. ரொம்பக் காஞ்ச ஃபிலிமை சர்ருனு உருவினா நிலைமின்சாரம் பொறிஞ்சு, கறுப்பா மரக்கிளை மாதிரி கோடு விழும். அவசரத்துல பார்க்கறவருக்கு அதுவும் விரிசல்தான்.

"ஒரு ஷீட்தானே, திரும்ப எடுத்துக்கலாம்"னு சொல்றவங்க மேலதான் எனக்குக் கோவம். திரும்ப எடுக்கறதுன்னா ராத்திரி ஷிஃப்ட்ல கயிறு கட்டி, ஆளுங்களை விலக்கி, இரிடியம்-192-ஐ மறுபடி வெளியே தள்ளணும். ஷீட் காசு கம்பெனியோடது. கதிர்வீச்சு, அந்த கேபிளைச் சுத்தற பையனோடது.