களஞ்சியத்துக்குக் கணக்குக் கேட்போர் யார்?

வெள்ளவத்தையிற் கடலை அண்டி வாழும் எமக்குப் பூஞ்சணம் புதிதன்று. ஒரு மாரி கழிந்தால் எமது சட்டப் புத்தகங்களின் அட்டையிற் பச்சை பூத்துவிடும். துடைத்துவிட்டு வழக்குக்குப் போகிறோம். வன்னியில் நனைந்த வைக்கோற்போரைப் பிரிக்கும் கமக்காரரும் தும்மிவிட்டு வேலையைத் தொடர்கிறார். அஸ்பர்ஜிலஸ் எனும் பூஞ்சணத்தின் வித்திகளை நாம் யாவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். சுகமுள்ள உடல் அவற்றைச் சுவாசப்பையிலேயே அழித்துவிடும்.

எதிர்ப்புச் சக்தி குன்றியவரிடத்திலேயே இத்தகைய பூஞ்சணம் தலையெடுக்கும் என்பது பொதுவிதி. 2021இற் கொரோனாவோடு இந்தியாவை வதைத்த கறுப்புப் பூஞ்சணமும், நீரிழிவும் ஸ்ரீரொயிட் மருந்தும் ஒருங்கே சேர்ந்த உடல்களையே பெரும்பாலும் பற்றியது.

ஆயின், 2005இற் கொழும்பில் நிகழ்ந்தது இவ்விதிக்குள் அடங்காது. சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் விறைப்பூசி ஏற்றப்பட்ட தாய்மார் ஐவரை அஸ்பர்ஜிலஸ் மூளைக்காய்ச்சல் பீடித்தது. மூவர் மாண்டனர். அவர்கள் நோயாளிகளோ? பிள்ளை பெறவந்த சுகதேகிகள்! சுவாசப்பையில் நிற்கும் காவல் முள்ளந்தண்டு நீரில் இல்லை. ஊசியோ நேரே அங்கு சென்றது. கடற்கோளின் பின் உதவிப் பொருட்கள் மலையெனக் குவிந்திருந்த காலம் அது. ஈரம் மிகுந்த களஞ்சியத்திற் சரிவரப் பேணப்படாத சிறிஞ்சுகளையே விசாரணை சுட்டியது.

விதைநெல்லை ஈரத்தரையில் வைக்கும் கமக்காரர் எம்மூரில் உண்டா? பலகை அடுக்கி, காற்றுப் புக வழிவிட்டு, மழைக்காலத்தில் நாளுக்கொருமுறை கைவைத்துப் பார்ப்பார். படியாத பாட்டன் அறிந்த இக்காரியத்தை ஓர் அரசாங்கம் அறியாதிருக்கலாமா?

கடற்கோளின் நெருக்கடி பெரிது; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடி ஒரு விளக்கமேயன்றி விடுதலைப் பத்திரமாகாது. இத்தகைய வழக்கொன்று மன்றேறினால் ஊசி ஏற்றிய வைத்தியர் உறை பிரிக்கப்படாதிருந்தது என்பார். களஞ்சியப் பொறுப்பாளர் இடமில்லை என்பார். மேலதிகாரி அறிக்கை வரவில்லை என்பார். கவனயீனம் பலர் கையிற் பகிரப்படும்போது, அதனை நிரூபிக்கும் பாரம் தாயை இழந்த குழந்தையின் தலையில் விழுகிறது. பதிவேடு இல்லாத இடத்தில் எந்தச் சட்டத்தரணியும் எதைக்கொண்டு வாதாடுவார்?

ஆதலின் நாம் கேட்பது சிறிது. மருந்துக் களஞ்சியம் ஒவ்வொன்றிலும் வெப்பமும் ஈரப்பதமும் நாள்தோறும் பதியப்படல் வேண்டும். அவ்விடாப்பு, கேட்கும் எந்தக் குடிமகனுக்கும் காட்டப்படல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் எம் கையில் உண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள வாசகர் ஒருவர் நாளையே அதன்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதலாம்.