பழைய சரக்கு, புது மூக்குக்கண்ணாடி

"தலையில மாட்டிக்கிட்டா போதும், நீங்களே கேமுக்குள்ள இருப்பீங்க"ன்னு விளம்பரம் பண்றாங்க மக்களே. இருப்பீங்க, சரி. கூடவே வாந்தியும் வரும்!

காரணம் எளிது. கீபோர்டு, மவுஸுக்காகச் செஞ்ச கேம்ல ஹீரோ குதிரை மாதிரி ஓடுவான். கண்ணு "ஓடுறேன்"னு சொல்லும். உள்காது "நாற்காலியிலதானே உக்காந்திருக்க?"ன்னு கேட்கும். வயிறு புரட்டாம என்ன செய்யும்? எங்க ஊர் வழியா 14 கி.மீ. கிரிவலம் போறவங்களுக்குக் கால் வலிக்கும்; ஆனா கண்ணுக்கும் காலுக்கும் கணக்கு ஒத்துப்போகும்.

ஆக, பழைய கேமை வி.ஆருக்கு மாத்துறதுன்னா நிஜமாவே வேலை இருக்கு. 2004ல வந்த ஹாஃப்-லைஃப் 2-வுக்கு அந்த வேலையை 2022ல ரசிகர்கள் செஞ்சாங்க. துப்பாக்கியைக் கையால பிடிச்சு, தோட்டாவையும் கையாலயே நிரப்பணும். ஒரிஜினல் கேம் வெச்சிருக்கிறவங்களுக்கு இலவசம்!

பெதஸ்டா என்ன செஞ்சது? 2015ல வித்த ஃபால்அவுட் 4-ஐ, 2017ல வி.ஆர்.னு பேர் வெச்சு தனியா 60 டாலருக்கு வித்தது. தோட்டா நிரப்ப பட்டனைத் தட்டினா போதும். ஏற்கனவே வெளிவந்த கூடுதல் பாகங்கள்கூட அதுல இல்ல.

பி.காம்.ல தேய்மானம்னு ஒரு பாடம் உண்டு. சொத்து பழசாக ஆக மதிப்பு குறையும். கேம் கம்பெனி கணக்குல மட்டும் குறையவே மாட்டேங்குதே, எப்படிங்க?

மாத்துறதா இருந்தா முழுசா மாத்துங்க, காசு தர்றோம். அரைகுறை வேலைன்னா, ஏற்கனவே வாங்கினவனுக்குச் சும்மா கொடுங்க. கண்ணாடி மாட்டிவிட்டதுக்கெல்லாம் ரெண்டாவது பில் போடாதீங்க சாமி!