கை உயராவிடினும் கடிகாரம் ஒளிர வேண்டும்

மின்கலத்தின் ஆற்றலைச் சேமிப்பதற்காக, இன்றைய திறன் கடிகாரங்கள் பலவற்றின் திரை பெரும்பாலும் அணைந்தே இருக்கிறது; மணிக்கட்டை உயர்த்தி முகத்தை நோக்கித் திருப்பும்போது ஒளிர்கிறது. உள்ளிருக்கும் முடுக்கமானி என்னும் உணரி, புவியீர்ப்பின் திசையைக் கொண்டு கையின் சாய்வை அறிகிறது. நிற்போருக்கும் அமர்ந்திருப்போருக்கும் இம்முறை பொருந்தும்.

படுத்திருக்கும் நோயாளியின் கை அவ்வாறு சாய்வதில்லை. பக்கவாதத்தால் தளர்ந்த கை போதிய அளவு எழுவதுமில்லை. பார்கின்சன் நோயில் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கக்கூடும்; அந்நடுக்கத்தை விருப்ப அசைவென்று கருதும் கடிகாரம் வேண்டாதபோதும் ஒளிரக்கூடும். சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்பத் திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஒளியுணரியோ, போர்வை மூடினால் பகலையும் இருளெனக் கொள்ளும்.

ஆகவே, ஒரே அசைவை மட்டும் நம்பிக் கடிகாரத்தை வடிவமைப்பது முறையன்று என்பது எம் கருத்து. பொத்தானை அழுத்தினாலும் திரையைத் தொட்டாலும் அது ஒளிர வேண்டும். எவ்வளவு அசைவு போதும் என்பதை அணிபவரே தீர்மானிக்க இயல வேண்டும். படுக்கையில் இருப்போரைக் கொண்டும் வடிவமைப்பாளர்கள் சோதித்தறிதல் வேண்டும்.

அதுவரை, உடனிருந்து பேணுவோர் சிலவற்றைச் செய்யலாம். வசதியுள்ள கடிகாரத்தில், பகலில் திரை எப்போதும் ஒளிருமாறு அமையுங்கள். இரவில் அசைவுக்கு ஒளிர்வதை நிறுத்திவிடுங்கள். கடிகாரத்தை மறு கைக்கு மாற்றினால், அமைப்புகளிலும் அதனைக் குறிப்பிடுங்கள். திரை ஒளிராதபோது நோயாளி தம் கையை நொந்துகொள்ள வேண்டியதில்லை. குறை கருவியினுடையது என்பதை அவருக்கு எடுத்துரையுங்கள்.